அப்பாவின் துப்பாக்கி, ஒரே டப்பாவில் மூன்று வகைத் தோட்டா: என்ன செய்வது?

நீலகிரி மாவட்டத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பா தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து வாங்கிய பி.எஸ்.ஏ. என்ற ஆங்கிலேயத் துப்பாக்கிக் கம்பெனியின் .315 ரைபிள், அவர் பெயரில் முறையான லைசென்ஸோடு இருந்தது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பதும் முடிந்ததும் வாங்கி வருவதும் வழக்கம். 2024 மக்களவைத் தேர்தலுக்கும் அப்படித்தான் செய்தார். போன வருடம் அப்பா காலமாகிவிட்டார். துப்பாக்கி இன்னும் மர பீரோவில் இருக்கிறது. அடித்தட்டைச் சுத்தம் செய்தபோது ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. அதில் தோட்டாக்கள். பெரும்பாலானவற்றின் அடியில் "கே.எஃப்., 8 எம்எம்" என்று பொறித்திருக்கிறது. நாலைந்து மட்டும் கொஞ்சம் நீளம். பாசி பிடித்தது போலப் பச்சையாக இருக்கின்றன. அவற்றிலும் கே.எஃப்., கூடவே 44, 7 என்ற எண்கள். இரண்டு தோட்டா இன்னும் நீளம், அடியில் "30-06".

ராணுவத்தில் இருந்து வந்த சித்தப்பா, "இது .303 துப்பாக்கிதான், பார்த்தாலே தெரிகிறதே. போல்ட் மூடினால் வெடிக்கும். தோட்டத்தில் காட்டுப்பன்றி தொல்லை இருக்கிறது, நாலு போட்டு டப்பாவைக் காலி பண்ணிடலாம்" என்கிறார். டெக்சாஸில் இருக்கும் அண்ணன் போனில், "இங்கே .308-உம் 7.62 நேட்டோவும் ஒன்றுதான், 5.56-உம் .223-உம் ஒன்றுதான். அதேபோல 8 எம்எம் எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கும்" என்கிறார். அம்மாவோ, "தோட்டாவையெல்லாம் கிணற்றில் போடு, துப்பாக்கியை அப்பா நினைவாகச் சுவரில் மாட்டு" என்கிறார். லைசென்ஸ் புத்தகத்தில் இன்னும் காலம் மிச்சமிருப்பதால் அவசரமில்லை என்று வாசகியும் நினைத்திருக்கிறார். "இவ்வளவு நாள் வைத்திருந்ததற்காக என்னைக் கைது செய்வார்களா?" என்பதுதான் கடைசி வரி.

ஆசிரியை அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு வருவதற்கு முன்னால் ஒன்று. இந்தப் பதிலைப் படித்து முடித்து, நான் சொல்லும் வேலைகள் முடியும்வரை அந்தத் துப்பாக்கியை யாரும் வெளியே எடுக்கக் கூடாது. அதற்குள் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். தெரியாத வரைக்கும் அது தோட்டா ஏற்றிய துப்பாக்கிதான். போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்பக்கத்தை மூடும் தண்டை, இழுத்துப் பார்க்க வேண்டாம். பீரோவைப் பூட்டுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும். டப்பாவை வேறொரு அறையில், வேறொரு பூட்டுக்குள் வையுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதை இன்றைக்கே செய்யுங்கள்.

டப்பாவில் இருப்பது என்ன?

நான் வழக்கறிஞன், துப்பாக்கி மெக்கானிக் அல்ல. ஆனால் துப்பாக்கி வழக்குகளில் தடய அறிவியல் நிபுணர்களைக் கூண்டில் நிறுத்திப் பல வருடம் குறுக்கு விசாரணை செய்தவன். அதற்காகப் படிக்க வேண்டியிருந்த விஷயங்கள்தான் இவை.

கே.எஃப். என்றால் புனே பக்கத்தில் இருக்கும் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையின் முத்திரை. ஆங்கிலேயர் அதைக் கிர்க்கீ என்று எழுதினார்கள், அதனால் அந்த எழுத்து. இது தோட்டாவைச் செய்தது யார் என்று மட்டும்தான் சொல்லும், எந்தத் துப்பாக்கிக்கானது என்று சொல்லாது. ஒரே தொழிற்சாலை சாதாரண லைசென்ஸ்தாரருக்கான .315-ஐயும் செய்தது, படைகளுக்கான .303-ஐயும் செய்தது. உங்கள் டப்பாவில் 8 எம்எம் என்று இருப்பவை அநேகமாக .315 தோட்டாக்கள். கே.எஃப்.-ஓடு 44, 7 என்று இருப்பவை அநேகமாக 1944-இல் செய்த .303 ராணுவத் தோட்டாக்கள். அந்த ஏழு, ஏழாவது மார்க் என்று அவர்கள் குறிப்பிடும் ரகத்தைச் சொல்வது.

இப்போது அளவுகளைப் பாருங்கள். .315 என்பது ஆஸ்திரிய-ஹங்கேரியப் படைகள் 1890-களில் பயன்படுத்திய மான்லிகர் தோட்டா. பித்தளைக் கூட்டின் நீளம் 50 மி.மீ., முனையில் இருக்கும் குண்டின் விட்டம் சுமார் 8.2 மி.மீ. .303-க்குக் கூடு 56 மி.மீ., குண்டு சுமார் 7.9 மி.மீ. இரண்டுக்கும் அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு உண்டு. முழுத் தோட்டாவாக இரண்டையும் மேசைமேல் நிறுத்தினால் உயரத்தில் 2 மி.மீ. வித்தியாசம்தான் தெரியும். கண்ணாடி போடாமல் பார்த்தால் நானே ஏமாறுவேன். 30-06 மட்டும் வேறு ஜாதி. அது அமெரிக்கப் படை 1906-இல் ஏற்றது, அந்த 06 அந்த வருடம்தான். கூடு 63 மி.மீ., விளிம்பு வெளியே நீட்டாது, அதற்குப் பதில் அடியில் ஒரு பள்ளம் ஓடும்.

சித்தப்பா ஏன் அதை .303 என்று நினைக்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. பி.எஸ்.ஏ. இந்தியச் சந்தைக்காகச் செய்த .315 ரைபிள்கள், ஆங்கிலேயப் படையின் .303 துப்பாக்கியான லீ-என்ஃபீல்டின் அமைப்பிலேயே வந்தன. போல்ட், அதன் கைப்பிடி, உடல் எல்லாம் .303-ஐப் பார்த்தது போலவே இருக்கும். வெளித்தோற்றம் ஒன்று, உள்ளே குழலும், தோட்டா உட்காரும் இடமான அறையும் வேறு. இது தற்செயலாக நடந்ததும் இல்லை. படைகளுடைய தோட்டா களவு போனாலும் வெளியார் கையில் இருக்கும் துப்பாக்கியில் அது பயன்படக் கூடாது என்பதற்காகத்தான் ஆங்கிலேய அரசு ராணுவ அளவுகளைப் பொதுமக்களுக்கு மறுத்தது. துரைமார்களும் ஜமீன்தார்களும் .315 பக்கம் போனதற்குக் காரணம் அதுதான். சுதந்திரத்துக்குப் பிறகு இஷாப்பூர் தொழிற்சாலையும் அதே அளவில் ரைபிள் செய்து விற்றது. சித்தப்பா துப்பாக்கி பிடித்த இடம் ராணுவம். அங்கே கோத் என்று அவர்கள் சொல்லும் ஆயுத அறையிலிருந்து துப்பாக்கி வரும், அதற்கான தோட்டா எண்ணிக் கையில் வரும். தப்பான தோட்டாவைப் போட்டுவிட அங்கே பெரும்பாலும் வாய்ப்பே கிடையாது. பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்துப் போட்ட அனுபவம் அவருக்கு இருக்காது.

"போல்ட் மூடினால் வெடிக்கும்"

வெடிக்கும், அதில் சந்தேகமில்லை. எங்கே வெடிக்கும் என்பதுதான் கேள்வி.

தோட்டாவின் பித்தளைக் கூடு வெறும் டப்பா அல்ல. மருந்து பற்றியதும் அது விரிந்து அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, குக்கர் கேஸ்கட் மாதிரி வாயுவைப் பின்னால் வரவிடாமல் அடைக்கிறது. அண்ணன் சொல்லும் .308 தோட்டாவுக்கு அமெரிக்க உற்பத்தியாளர் தரநிலை அனுமதிக்கும் உச்ச அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு, அதாவது காற்று மண்டல அழுத்தத்தைப் போல நாலாயிரம் மடங்குக்கு மேல். 30-06-க்கு 60,000. .303-க்கு 49,000. பழைய துப்பாக்கிகள் இந்தக் கணக்கில் இன்னும் கீழே இருப்பவை.

கூடு அந்த அறைக்கு அளவாக இருந்தால்தான் அடைப்பு வேலை செய்யும். அறை பெரிதாகவோ நீளமாகவோ இருந்தால் கூடு விரியவும் நீளவும் இடம் கிடைத்து, அடிப்பக்கம் கிழிந்துவிடும். அந்த வாயு பின்னால், சுடுகிறவர் முகத்தை நோக்கி வரும். அறை சின்னதாக இருந்தால் போல்ட் பாதியில் நிற்கும். அப்போது பலம் போட்டு அடைக்கிறவர்கள்தான் விபத்துக்கு வழி பண்ணுகிறார்கள். குழலைவிடப் பெரிய குண்டு போனால் அழுத்தம் எகிறும். சின்ன குண்டு போனால் குறி தவறும், பின்னால் கூடு கிழியவும் கூடும். எனவே "உள்ளே போகிறது" என்பதற்கும் "அதற்கானது" என்பதற்கும் சம்பந்தமில்லை. துப்பாக்கிக் குழலில் என்ன பொறித்திருக்கிறதோ, அதே பெயர் தோட்டாவின் அடியிலும் பெட்டியிலும் இருக்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் சுடக் கூடாது.

"8 எம்எம் எல்லாம் ஒன்று" என்ற பேச்சு இன்னும் மோசம். ஜெர்மன்காரர்களுடைய 8×57-இலேயே (முதல் எண் தோட்டாவின் விட்ட அளவு, இரண்டாவது கூட்டின் நீளம், இரண்டும் மி.மீ.-இல்) இரண்டு உண்டு. 1888-இல் வந்ததற்குக் குண்டு சுமார் 8.07 மி.மீ., 1905-இல் வந்ததற்கு 8.2. புதியதைப் பழைய குழலில் போடுவது ஆபத்து என்று அங்கே நூறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்திரியர்களே 1930-களில் தங்கள் பழைய மான்லிகர் ரைபிள்கள் பலவற்றின் அறையை 8×56 என்ற வேறு தோட்டாவுக்கு மாற்றி, அடையாளத்துக்காக எஸ் என்ற எழுத்தைப் பொறித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல், உங்கள் .315-இன் மெட்ரிக் பெயர் 8×50 ஆர் (ஆர் என்பது விளிம்பைக் குறிக்கும் எழுத்து). பிரெஞ்சுப் படையின் லெபெல் தோட்டாவுக்கும் பெயர் 8×50 ஆர். எண்ணும் எழுத்தும் ஒன்று, தோட்டா முற்றிலும் வேறு. ஆகவே எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, முழுப் பெயரையும் பார்க்க வேண்டும்.

பச்சை பிடித்த தோட்டாக்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது பித்தளை அரிப்பு. கழுத்தில் விரிசல் இருக்கலாம், உள்ளே ஈரம் போயிருக்கலாம். இப்படிப்பட்டது மூன்று விதமாகக் காலை வாரும். ஒன்று, விசையை அழுத்தியும் வெடிக்காமல் இருந்து, சில நொடி கழித்து வெடிக்கும். அதைத் தெரியாமல் உடனே போல்ட்டைத் திறந்தவர் கையில் கூடு வெடிக்கும். இரண்டு, மருந்து சரியாகப் பற்றாமல் குண்டு குழல் நடுவிலேயே நின்றுவிடும். அடுத்ததைச் சுட்டால் குழலே பிளக்கலாம். மூன்றாவது, ஒன்றுமே நடக்காது, அதைக் கண்டு தைரியம் வந்து அடுத்ததைப் போடுவார்கள். சித்தப்பாவின் "நாலு போட்டுக் காலி பண்ணிடலாம்" திட்டம் இதனால்தான் என்னைப் பயமுறுத்துகிறது.

கிணறும் வேண்டாம். அடுப்பும் வேண்டாம், குறடு வைத்துக் குண்டைப் பிடுங்குவதும் வேண்டாம். நெருப்பில் விழுந்த தோட்டா வெடித்தால் பித்தளைச் சில்லுகள் கண்ணைப் பதம் பார்க்கும். கிணற்றில் போட்டால் வேறு பிரச்சினை, அதைச் சட்டப் பகுதியில் சொல்கிறேன்.

லைசென்ஸ் யாருடையது?

உங்கள் கடிதத்தில் நான் திருத்த வேண்டிய முக்கியமான எண்ணம் இது. லைசென்ஸ் துப்பாக்கிக்குக் கொடுப்பது இல்லை, ஆளுக்குக் கொடுப்பது. புத்தகத்தில் எத்தனை வருடம் மிச்சமிருந்தாலும், அப்பா போன அன்றே அது உங்களுக்குப் பயன்படாத காகிதம் ஆகிவிட்டது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, எந்தக் காரணத்தாலாவது வைத்திருப்பது சட்டத்துக்குப் புறம்பாகிவிட்டால், தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்ததற்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு, அபராதமும் உண்டு.

பயப்படுத்த இதை எழுதவில்லை. தானே எழுதிக் கொடுத்து ஒப்படைக்க வந்த மகளையும், சோதனையில் பிடிபட்டவரையும் காவல் துறை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. நீதிமன்றமும் அப்படித்தான். துக்கம், விவரம் தெரியாமை, அம்மாவின் வயது எல்லாம் தாமதத்துக்குக் காரணமாகச் சொல்லக் கூடியவையே. ஆனால் வழக்கே வராது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. எந்த வக்கீலும் கொடுக்கக் கூடாது.

.303 தோட்டாக்கள்தான் விஷயத்தைச் சிக்கலாக்குகின்றன. ஆயுத விதிகளின் முதல் அட்டவணை, .303 அல்லது 7.62 மி.மீ. ரைபிள்களையும், அந்த அளவு ராணுவத் தோட்டாவை ஏற்றிச் சுடக்கூடிய வேறு எந்த அளவு ரைபிளையும் தடை செய்யப்பட்ட பிரிவில் வைத்திருக்கிறது. இதைச் சித்தப்பாவிடம் நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். "இது .303-ஐச் சுடும்" என்று அவர் நிரூபித்துக் காட்டினால், அப்பா இத்தனை காலம் நேர்மையாக வைத்திருந்த சாதாரண ரைபிளைத் தடை செய்யப்பட்ட ஆயுதமாக அவரே மாற்றிக் காட்டியது போல ஆகும். அந்தப் பிரிவுக்குத் தண்டனை 7 ஆண்டிலிருந்து 14 ஆண்டு வரை. சுவாரசியமான விஷயம், 30-06-இன் குண்டும் 7.62 நேட்டோவின் குண்டும் விட்டத்தில் ஒன்றுதான். கூடு 63-க்கும் 51-க்கும் வேறாக இருப்பதால்தான் முதலாவதை இங்கே லைசென்ஸில் வாங்க முடிகிறது, இரண்டாவதை முடிவதில்லை. ஆனாலும் உங்கள் அப்பாவின் லைசென்ஸ் .315-க்கு. 30-06 இரண்டும் அதில் அடங்கா.

"எனக்குத் தெரியாது, டப்பாவில் இருந்தது" என்பது நல்ல வாதம்தான். வைத்திருத்தல் என்றால் அறிந்து வைத்திருத்தல் என்று 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. ஆனால் நீங்கள் இப்போது அறிந்துவிட்டீர்கள். இனி நாள் போகப் போக அந்த வாதம் இளைக்கும். கிணற்றில் போட்டால் அது முழுசாகவே போய்விடும். ஒளிக்க வேண்டிய விஷயம் என்று தெரிந்துதானே போட்டீர்கள் என்று கேட்பார்கள். இன்னொன்றும் உண்டு. வட மாநிலங்களில் பிடிபடும் நாட்டுத் துப்பாக்கிகளில் .315 அளவு மிகச் சாதாரணம். அதனால் கணக்கில் வராத கே.எஃப். 8 எம்எம் தோட்டா ஒன்று எங்காவது கிடைத்தால்கூடப் போலீஸ் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒப்படைப்பது எப்படி

துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏற வேண்டாம். எடுத்துச் செல்வதற்கும் உங்களிடம் லைசென்ஸ் இல்லை. முதலில் உங்கள் ஊரில் ஒரு குற்றவியல் வழக்கறிஞரைப் பாருங்கள். .315 மட்டும் இருந்திருந்தால் நீங்களே போய்வரலாம் என்பேன். .303 இருப்பதால் துணை வேண்டும். அவர் மூலம் காவல் நிலைய ஆய்வாளருக்கு ஒரு கடிதம், நகல் மாவட்ட ஆட்சியருக்கு. அப்பா இறந்த தேதி, லைசென்ஸ் எண், துப்பாக்கி எண், பீரோவில் டப்பாவைக் கண்ட நாள், ஒவ்வொரு வகையிலும் எத்தனை தோட்டா, அடியில் என்ன எழுதியிருக்கிறது எல்லாம் அதில் வரட்டும். "வந்து பெற்றுக்கொள்ளுங்கள், அல்லது எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். இறப்புச் சான்றிதழ், லைசென்ஸ் புத்தகம், 2024 தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் கொடுத்த ரசீது ஆகியவற்றின் நகலை இணையுங்கள். அந்த ரசீது சின்னக் காகிதம்தான், ஆனால் அப்பா ஒழுங்காக நடந்துகொண்டவர் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

எடுக்க வருகிறவரிடம் முதலில், துப்பாக்கிக்குள் தோட்டா இருக்கிறதா என்று பாதுகாப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். வகைவாரியாக எண்ணிக்கை எழுதி, தேதி போட்டு, கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். "ஒரு ரைபிள், சில தோட்டாக்கள்" என்று எழுதினால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

காவல் நிலையமா, கடையா? ரைபிளைக் கடைசியில் வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால், பின்னர் அனுமதியோடு கடைக்கு மாற்றுவது நல்லது. வாடகை கேட்பார்கள், ஆனால் எண்ணெய் போட்டு வைப்பார்கள். ஸ்டேஷன் மூலையில் இரண்டு மழைக்காலம் கிடந்த துப்பாக்கியின் குழலை நான் பார்த்திருக்கிறேன். அதைத் திரும்ப வாங்கிப் பயனில்லை.

வைத்துக்கொள்ள ஆசையா?

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் சட்டப்படியான வாரிசுக்கு லைசென்ஸ் தர வழி இருக்கிறது. மகள் என்ற முறையில் நீங்கள் கேட்கலாம். அம்மாவும் அண்ணனும் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டியிருக்கும். போலீஸ் விசாரணை நடக்கும், பாதுகாப்பாகக் கையாளத் தெரியுமா என்று பார்ப்பார்கள், வீட்டில் பூட்டி வைக்க இடம் கேட்பார்கள். மர பீரோ அதற்குப் போதாது. 2019 முதல் ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது. வாரிசாக வந்தாலும் அந்தக் கணக்குத்தான்.

உங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு முடிச்சும் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிய ஆயுத லைசென்ஸ் தர வேண்டுமானால் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். முதுமலையிலிருந்து உங்கள் வீடு எவ்வளவு தூரம் என்று முதலில் பாருங்கள். வாரிசு லைசென்ஸும் புதிய லைசென்ஸ்தானா என்று கேள்வி எழும். உங்கள் வழக்கறிஞர் விண்ணப்பிக்கும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால், பிறகு கோப்பு நடுவில் நிற்காது. அப்புறம், காட்டுப்பன்றி. லைசென்ஸ் கையில் இருந்தாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் பன்றியைச் சுடுவது வேட்டைதான். தோட்டப் பாதையில் தேயிலை பறிப்பவர்கள் நடக்கிற மலைச்சரிவில் ரைபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும் என்பதை வேறு நான் சொல்ல வேண்டியதில்லை.

லைசென்ஸ் கிடைத்தால், பழைய டப்பா ஞாபகமே வேண்டாம். அனுபவமுள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் குழலையும் அறையையும் பார்க்கச் சொல்லுங்கள். தாத்தா காலத்துக்கும் இன்றைக்கும் நடுவில் யார் எதை மாற்றினார்கள் என்று நமக்குத் தெரியாது. அவர் சரி என்றால் கடையில் புதிய .315 வாங்கி, ரைபிள் கிளப்பில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கச் சுடுங்கள். மேசைமேல் ஒரு வகைத் தோட்டாதான் இருக்க வேண்டும். வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்குப் பக்கமே நீட்டியபடி ஒரு முழு நிமிடம் காத்திருந்து பிறகு திறக்க வேண்டும். சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாக வந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திக் குழலைப் பார்க்க வேண்டும்.

வைத்துக்கொள்ள விருப்பமில்லை என்றால், கடை மூலம் தகுந்த லைசென்ஸ் உள்ளவருக்கு விற்கலாம், அரசிடமே விட்டுவிடவும் செய்யலாம். என் அபிப்பிராயம் கேட்டால், உங்கள் வீட்டில் இதை ஆசையாகச் சுடப் போகிறவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. விற்றுவிடுங்கள். அம்மாவின் சுவர் ஆசைதான் பாக்கி. போல்ட்டைக் கழற்றிவிட்டு மீதியை மாட்டலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடக்கம், அதனால் அது நடக்காது.

அண்ணனுக்கு

அவர் சொன்னது பாதி சரி, பாதியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். .308 வியாபாரத் தோட்டா 1952-இல் வந்தது, 7.62 நேட்டோ 1954-இல். வெளி அளவு கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் ராணுவத் துப்பாக்கியின் அறை அங்குலத்தில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நீளமாக இருக்க அனுமதி உண்டு, அதைத் தாங்கத்தான் ராணுவத் தோட்டாவின் பித்தளை தடிப்பாக இருக்கும். அதனால் .308 துப்பாக்கியில் நேட்டோ தோட்டா பொதுவாகப் பிரச்சினை இல்லை. பழைய நேட்டோ துப்பாக்கியில் கடை .308 போடும்முன்தான் அறையை அளந்து பார்க்க வேண்டும். அமெரிக்காவில் விற்கும் இஷாப்பூர் 2ஏ ரைபிளை அவர் எங்காவது பார்க்கக்கூடும். அதுவும் .303 போலத் தோன்றும், ஆனால் 7.62-க்கானது, அதனால் இந்தக் கவனம் அதற்கும் பொருந்தும். நேட்டோவுக்கு 50,000, .308-க்கு 62,000 என்று இணையத்தில் ஓடும் ஒப்பீட்டை அவர் நம்ப வேண்டாம். இரண்டும் வேறு வேறு முறையில் அளந்தவை, நேருக்கு நேர் வைக்கக் கூடாது.

5.56-இல் கதை எதிர்ப்பக்கம். 5.56 அறையில் .223 போடலாம். .223 என்று மட்டும் பொறித்த குழலில் 5.56 போடுவது அங்கே பாதுகாப்பற்ற சேர்க்கைப் பட்டியலில் இருக்கிறது. அந்தக் குழலில் குண்டு வரிப்பள்ளத்தை (குண்டைச் சுழற்றக் குழலுக்குள் வெட்டிய சுருள் கோடுகளை) தொடும் தூரம் குறைவு, அழுத்தம் ஏறும். அவரோ நண்பர்களோ .300 பிளாக்அவுட் என்ற வேறொரு தோட்டா வைத்திருந்தால் அதையும் .223-ஐயும் ஒரே பையில் போட வேண்டாம். அந்தத் தோட்டா .223 துப்பாக்கியில் ஏறி, போல்ட்டும் மூடி, துப்பாக்கியையே சிதறடித்த சம்பவங்கள் உண்டு.

இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள். அப்பாவின் திதிக்கு ஊருக்கு வரும்போது, ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையில் துணி அடுக்கி எடுத்து வர வேண்டாம். பக்கவாட்டு ஜிப்பில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவால் விமான நிலையத்தில் வழக்கு வாங்கிய வெளிநாட்டு இந்தியர்கள் பலர். தெரியாமல் இருந்தது என்று கடைசியில் வழக்கு ரத்தானாலும், அதுவரை பாஸ்போர்ட்டோடும் வேலையோடும் படும் பாடு சின்னதல்ல. வேறு பெட்டி வாங்கச் சொல்லுங்கள்.